மண்வள அட்டை, இரகம், நில அளவு: மூன்றையும் கோத்து யூரியா கணக்குப் போடுவது எப்படி?

சம்பா நடவு முடிந்ததும் சீர்காழி, கொள்ளிடம், வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்து உழவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போடலாம்?" என்பதுதான். இதற்கு ஒரே பதில் கிடையாது. எந்தத் துண்டு, அதில் என்ன இரகம், அந்த மண்ணில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று மூன்று விவரம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். இந்த மூன்றும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன, ஆனால் மூன்று வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன. நில அளவு சிட்டாவில் இருக்கும். மண் விவரம் மண்வள அட்டையில் இருக்கும். இரகத்துக்கான உரச் சிபாரிசு வேளாண்மைத் துறையின் கையேட்டில் இருக்கும். இவற்றை ஒன்றாகக் கோத்து, "இப்படி இருந்தால் இவ்வளவு, அப்படி இருந்தால் அவ்வளவு" என்று தானாகக் கணக்குப் போடும் ஒரு பத்தியைக் கைபேசியிலோ நோட்டிலோ எப்படி அமைப்பது என்று இங்கே பார்க்கலாம்.

கைபேசியில் எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் போதும். சூத்திரத்தை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டியிருக்கும் என்பதால், வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் முதல் தடவை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் முறையை நீங்கள் சொல்லுங்கள், அடிப்பதை பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் நான்கு பட்டியல்கள்

எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் திணிக்காதீர்கள். தனித்தனியாக வைத்தால்தான் அடுத்த பட்டத்துக்கும் பயன்படும்.

நிலப் பட்டியல்: துண்டின் பெயர், அளவு எத்தனை மா, இந்தப் பட்டத்தில் நட்ட இரகம், அந்தத் துண்டுக்குரிய மண்வள அட்டை எண். ஒவ்வொரு பட்டத்துக்கும் இதில் மாறுவது இரகம் ஒன்றுதான்.

அட்டைப் பட்டியல்: அட்டை எண் முதல் பத்தியில் இருக்க வேண்டும். அடுத்தடுத்து தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து அளவுகள், ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கில். சில ஆய்வு முடிவுகளில் பி.பி.எம். என்று போட்டிருக்கும். அப்படி இருந்தால் 2.24 ஆல் பெருக்கி எழுதுங்கள்.

இரகப் பட்டியல்: இரகத்தின் பெயர் முதல் பத்தியில், பிறகு ஹெக்டேருக்கான பொதுச் சிபாரிசு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சிபாரிசின்படி காவிரி டெல்டாவில் ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால இரகங்களுக்கும், சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால இரகங்களுக்கும் தழை, மணி, சாம்பல் முறையே 150, 50, 50 கிலோ. வெள்ளைப் பொன்னிக்கு 75, 50, 50. வீரிய ஒட்டு நெல்லுக்கு 175, 60, 60.

வரம்புப் பட்டியல்: தழைச்சத்து 280-க்குக் கீழே என்றால் குறைவு, 280 முதல் 450 வரை நடுத்தரம், 450-க்கு மேல் அதிகம். மணிச்சத்துக்கு 11-ம் 22-ம். சாம்பல்சத்துக்கு 118-ம் 280-ம். குறைவாக இருந்தால் பொதுச் சிபாரிசில் 25 சதவீதம் கூட்ட வேண்டும், அதாவது 1.25 ஆல் பெருக்க வேண்டும். நடுத்தரத்துக்குச் சிபாரிசு அப்படியே. அதிகமாக இருந்தால் 25 சதவீதம் குறைத்து 0.75 ஆல் பெருக்க வேண்டும்.

பட்டியல்களைக் கோக்கும் நூல் இரண்டு: அட்டை எண், இரகத்தின் பெயர். நிலப் பட்டியலில் இருக்கும் அட்டை எண்ணைப் பிடித்துக்கொண்டு போய் அட்டைப் பட்டியலில் மண் அளவை எடுக்கிறோம். இரகப் பெயரைப் பிடித்துக்கொண்டு போய் இரகப் பட்டியலில் சிபாரிசை எடுக்கிறோம். கிராம நிர்வாக அலுவலர் புல எண்ணை வைத்து அடங்கலைப் புரட்டுவது போலத்தான் இதுவும்.

தேடி எடுக்கும் சூத்திரம்

இந்தத் தேடலுக்குக் கைபேசியில் வீ-லுக்அப் என்ற சூத்திரம் இருக்கிறது. அதற்கு நான்கு விவரம் கொடுக்க வேண்டும். எதைத் தேட வேண்டும், எந்தப் பட்டியலில் தேட வேண்டும், கிடைத்த வரியில் எத்தனையாவது பத்தியை எடுத்துத் தர வேண்டும், கடைசியாக ஒரு சுழி. அந்தச் சுழிக்கு "அச்சு அசலாக அதே பெயர் இருந்தால் மட்டும் எடு" என்று பொருள். சுழியைப் போடாமல் விட்டால், சூத்திரம் ஏறக்குறைய பொருந்தும் ஏதோ ஒரு வரியை எடுத்துக் கொடுத்துவிடும். பிழை என்றும் சொல்லாது. பக்கத்துத் துண்டின் மண் அளவு உங்கள் துண்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இந்தச் சூத்திரம் பட்டியலின் முதல் பத்தியில் மட்டுமே தேடும். அதனால்தான் அட்டை எண்ணும் இரகப் பெயரும் முதலில் இருக்க வேண்டும் என்றேன். சூத்திரத்தைக் கீழே உள்ள வரிகளுக்கு நகல் எடுக்கும்போது பட்டியலின் எல்லையும் சேர்ந்து கீழே நழுவும். எல்லையின் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி போட்டுக் கட்டிவையுங்கள்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சி.ஆர். 1009 இரகத்தை ஒருவர் "1009" என்று எழுதுவார், ஒருவர் "பொன்மணி" என்பார், விதை மூட்டையில் "சி.ஆர். 1009 சப் 1" என்று இருக்கும். உங்களுக்கும் எனக்கும் இது புரியும், கைபேசிக்குப் புரியாது. "வெள்ளைப் பொன்னி" என்று ஒரு பட்டியலிலும், ஒற்று இல்லாமல் "வெள்ளை பொன்னி" என்று இன்னொன்றிலும் எழுதியிருந்தால், அதற்கு இவை இரண்டு இரகங்கள். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் இதே கதைதான். ஆகவே பெயரை ஒரு முறை அடித்து, மற்ற இடங்களில் நகல் எடுத்து ஒட்டுங்கள். பொருந்தாவிட்டால் கட்டத்தில் பிழைக் குறி வரும். அது வருவது நல்லது. தவறான எண் வருவதைவிடப் பிழை வருவது எவ்வளவோ மேல்.

நிபந்தனை போடுவது

தேடி எடுத்த அளவை வைத்து முடிவு செய்யும் சூத்திரத்தின் பெயர் இஃப். அதற்கு மூன்று விவரம் வேண்டும்: ஒரு கேள்வி, ஆம் என்றால் என்ன, இல்லை என்றால் என்ன. 'இல்லை' என்ற இடத்தில் இன்னொரு இஃப் வைக்கலாம். வரம்பு மூன்றாக இருப்பதால் நமக்கு அடுக்கு தேவைப்படும். தழைச்சத்துக்கு முதலில் நான் எழுதி வைத்திருந்த அடுக்கு இதுதான்: 280-க்குக் குறைவா? ஆம் என்றால் 1.25. இல்லையென்றால், 450-க்கு மேலா? ஆம் என்றால் 0.75, இல்லையென்றால் 1.

பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. இதை வைத்து ஒரு பயிற்சிக்குப் பட்டியல் தயார் செய்து காட்டினேன். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கொல்லையில நான் மண்ணே எடுக்கலையே சார், இதுக்கு மட்டும் எப்படி யூரியா கூட வருது?" என்றார். அட்டைப் பட்டியலில் அந்தத் துண்டுக்கு எண் மட்டும் இருந்தது, அளவு காலி. காலிக் கட்டத்தைச் சூத்திரம் சுழியாக எடுத்துக்கொள்கிறது. சுழி 280-க்குக் குறைவு. உடனே "மண்ணில் தழைச்சத்து இல்லை, 25 சதவீதம் கூட்டு" என்று முடிவு கட்டிவிட்டது. பரிசோதனை செய்யாத மண்ணுக்கு நான் அதிக யூரியாவைச் சிபாரிசு செய்திருக்கிறேன். அன்றைக்கு அவர் கேட்கவில்லையென்றால், அந்தப் பட்டியலை அப்படியே பல பேருக்கு அனுப்பியிருப்பேன்.

அதனால் அடுக்கின் முதல் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: அளவு சுழியா? ஆம் என்றால் 1, அதாவது பொதுச் சிபாரிசு அப்படியே. அதற்குப் பிறகுதான் 280, 450 கேள்விகள். மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் இதே அடுக்குதான், வரம்பு எண்களை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு துண்டுக்குப் போட்டுப் பார்ப்போம்

கோயில் மேலை என்ற துண்டு 6 மா, சி.ஆர். 1009 நட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் தழைச்சத்து 210, மணிச்சத்து 30, சாம்பல்சத்து 200. அதாவது தழை குறைவு, மணி அதிகம், சாம்பல் நடுத்தரம்.

தழைச்சத்து: 150-ஐ 1.25 ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 187.5 கிலோ. மணிச்சத்து: 50-ஐ 0.75 ஆல் பெருக்கினால் 37.5. சாம்பல்சத்து 50 அப்படியே.

இது ஹெக்டேர் கணக்கு. நம் பக்கத்து மா 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒரு ஹெக்டேருக்கு சுமார் 7.4 மா வரும். எனவே துண்டின் மா அளவால் பெருக்கி 7.4 ஆல் வகுக்க வேண்டும். 6 மாவுக்குத் தழைச்சத்து 152 கிலோ, மணிச்சத்து 30.4 கிலோ, சாம்பல்சத்து 40.5 கிலோ.

இனி உரமாக மாற்ற வேண்டும். முதலில் டி.ஏ.பி.யைக் கணக்கிடுங்கள், யூரியாவை அல்ல. டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 சதவீதம், தழைச்சத்து 18 சதவீதம். 30.4-ஐ 0.46 ஆல் வகுத்தால் 66 கிலோ டி.ஏ.பி. அந்த 66 கிலோவிலேயே கிட்டத்தட்ட 12 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. அதை 152-இல் கழித்தால் மீதி 140. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், எனவே 140-ஐ 0.46 ஆல் வகுத்தால் 305 கிலோ யூரியா. பொட்டாஷில் சாம்பல்சத்து 60 சதவீதம். 40.5-ஐ 0.6 ஆல் வகுத்தால் 68 கிலோ.

டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் யூரியா 330 கிலோ என்று வரும். 25 கிலோ வீணாக வயலுக்குப் போகும்.

மூட்டைக் கணக்கிலும் கவனம் வேண்டும். 2018 முதல் யூரியா 45 கிலோ மூட்டையில்தான் வருகிறது. டி.ஏ.பி.யும் பொட்டாஷும் இன்னும் 50 கிலோதான். பழைய பழக்கத்தில் 305-ஐ 50 ஆல் வகுத்து "ஆறு மூட்டை" என்று வாங்கினால், வீட்டுக்கு வருவது 270 கிலோ மட்டுமே. கடைசி மேலுரத்தின்போது கையில் உரம் இல்லாமல் கடை கடையாக அலைய நேரும். 45 ஆல் வகுத்தால் ஏழு மூட்டை.

இரகம் மாறினால்

வாய்க்கால் மேடு 4 மா, அங்கே வெள்ளைப் பொன்னி. அட்டையில் தழைச்சத்து 300, மணிச்சத்து 16, சாம்பல்சத்து 300. இரகப் பட்டியலில் தழைச்சத்து 75 என்பதால் 4 மாவுக்கு 40.5 கிலோ வருகிறது. டி.ஏ.பி. 59 கிலோ, அதில் உள்ள தழைச்சத்தைக் கழித்தபின் யூரியா 65 கிலோ. சாம்பல்சத்து அதிகம் என்பதால் பொட்டாஷ் 34 கிலோ.

அதே 4 மாவுக்கு 1009-க்குரிய சிபாரிசைத் தவறாக எடுத்தால் யூரியா 153 கிலோ என்று வரும், இரண்டு மடங்குக்கும் மேல். வெள்ளைப் பொன்னி உயரமாக வளரும், சாயும் இரகம். யூரியா அதிகமானால் தூர் மெத்தென்று கொழுத்து, இலைச் சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படுத்துவிடும். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அளவு மழைக்கு எந்தப் பயிரும் தாங்காது, அது வேறு கதை. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண அடைமழையில் ஒரு வயல் நின்று பக்கத்து வயல் படுப்பதற்கு, பெரும்பாலும் யூரியாதான் காரணமாக இருப்பதைப் பார்க்கிறேன். சூத்திரம் பெயரை வைத்தே இரகத்தை அடையாளம் காண்கிறது. பெயரில் தவறினால் பயிர் படுக்கும்.

வரம்பில் ஒரு வில்லங்கம்

பனங்காடு 5 மா, சி.ஆர். 1009, மண்ணில் தழைச்சத்து 480 என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் நாம் பயன்படுத்தும் வரம்புப்படி 450-க்கு மேல் என்றால் அதிகம். தேசிய அளவில் பின்பற்றும் வரம்பிலோ நடுத்தரம் 560 வரை போகிறது. அதே 480 ஓர் இடத்தில் 'அதிகம்', இன்னோர் இடத்தில் 'நடுத்தரம்'. மணிச்சத்து நடுத்தரம் என்று கொண்டு கணக்குப் போட்டால், முதல் வரம்பில் யூரியா 137 கிலோ, இரண்டாவதில் 192 கிலோ. ஒரு மூட்டைக்கு மேல் வித்தியாசம். மாநிலச் சிபாரிசான 150, 50, 50-ஐ எடுத்துக்கொண்டால் மாநில வரம்பையே எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஒன்றிலிருந்து சிபாரிசையும் இன்னொன்றிலிருந்து வரம்பையும் எடுத்துக் கலக்காதீர்கள். வரம்பு எண்களைச் சூத்திரத்துக்குள் புதைக்காமல் தனிப் பட்டியலாக வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். நாளைக்கு வேளாண்மை அலுவலர் வேறு வரம்பு சொன்னால், ஒரு கட்டத்தை மாற்றினால் எல்லாத் துண்டுக்கும் கணக்கு மாறிவிடும்.

அட்டையில் உள்ள எண் உங்கள் மண்ணுடையதா?

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் முறைப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரிதான் எடுத்தார்கள். 2.5 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 18 மா. அந்த மாதிரி உங்கள் துண்டில் எடுத்ததாகவும் இருக்கலாம், பக்கத்துக்காரர் துண்டில் எடுத்ததாகவும் இருக்கலாம். திருமுல்லைவாசல், பழையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் ஒரு வரப்புக்கு அந்தப் பக்கமே உப்பு மாறும். ஆகவே பெரிய துண்டுகளுக்காவது அறுவடை முடிந்து அடுத்த உரம் இடும் முன் நீங்களே மண் எடுத்துக் கொடுங்கள். 'வி' போலக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை, 10 முதல் 15 இடங்களில் எடுத்து, கலந்து, கால் பங்காக்கிக் கால் பங்காக்கி அரை கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். எருக்குழி, வரப்பு ஓரம், மர நிழல், வாய்க்கால் மடை ஆகிய இடங்களில் எடுக்கக் கூடாது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட அளவு என்றால், சூத்திரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பொதுச் சிபாரிசையே பயன்படுத்தலாம்.

அட்டையில் துத்தநாகம் பற்றாக்குறை என்று இருந்தால் அதற்கும் ஒரு பத்தி போடலாம். பற்றாக்குறை என்றால் ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட், இல்லையென்றால் சுழி. 6 மாவுக்கு 20 கிலோ வரும். இதை மணலில் கலந்து கடைசி உழவு முடிந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். டி.ஏ.பி.யுடன் கலக்கக் கூடாது.

நான்காகப் பிரிப்பது

மொத்த யூரியாவையும் ஒரே தடவையில் கொட்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். தழைச்சத்தை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்கு சமப் பங்காகப் பிரிக்கிறோம். யூரியாவை நான்கால் வகுப்பது தவறு. தழைச்சத்தை நான்கால் வகுத்து, அடியுரத்தில் மட்டும் டி.ஏ.பி.யின் பங்கைக் கழிக்க வேண்டும். கோயில் மேலைத் துண்டில் ஒரு பங்கு 38 கிலோ தழைச்சத்து. அடியுரத்துக்கு யூரியா 57 கிலோ, மற்ற மூன்று தடவைக்கும் தலா 83 கிலோ. டி.ஏ.பி. முழுவதும் அடியுரம்தான். பொட்டாஷை யூரியாவைப் போலவே நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேலுரம் இடுமுன் இலை வண்ண அட்டையையும் பாருங்கள். அங்கேயும் இதே போலத்தான், இரகத்தைப் பொறுத்து வரம்பு மாறும். வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு 3, மற்ற இரகங்களுக்கு 4. காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் நிழல் இலையில் விழுமாறு நின்று, 10 இலைகளைப் பாருங்கள். ஐந்துக்கு மேல் வரம்புக்குக் கீழே இருந்தால் உரம் இடலாம், இல்லையென்றால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள். இரகப் பட்டியலில் இதற்கென ஒரு பத்தி சேர்த்து 3, 4 என்று எழுதிக்கொண்டால், நிலப் பட்டியலில் ஒவ்வொரு துண்டுக்கும் அந்த எண் தானாக வந்துவிடும். வயலில் மழைநீர் தேங்கி நின்றால், கணக்கு என்ன சொன்னாலும் யூரியாவைக் கையில் எடுக்காதீர்கள். தண்ணீர் வடியட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஏதாவது ஒரு துண்டுக்கு நோட்டில் கையால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கைபேசிக் கணக்கும் கைக்கணக்கும் ஒன்றாக வந்தால் பட்டியல் சரி. வராவிட்டால் முதலில் இரகப் பெயரைப் பாருங்கள், பிறகு அந்தக் கடைசிச் சுழியை, பிறகு காலிக் கட்டங்களை. பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் வந்த மூட்டை எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, ஆதார் அட்டையோடு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள்.